அலாரம் அடிக்கும்போது உட்கார்ந்திருப்பது

சுண்டுவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் அவளுடைய அம்மா. சுண்டுவிரல் அளவுக்குத்தான் வளர்ந்தாள் என்று காரணம் சொல்வார். பயணிகளின் பெட்டிகளை விமானத்துக்கு இழுத்துப் போகும் சின்ன டிராக்டர் ஓட்டுவது அவள் வேலை. சீட்டில் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் தெரியும். பின்னால் பெட்டி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வரும். "டிராக்டர் தானா வருது, டிரைவரைக் காணோமே" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். கேலிக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. அவள் பயப்பட்டது வேறு ஒன்றுக்கு.

நான் அந்த வீட்டுக்குப் பகலில் போகிறவள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, அதையே தொழிலாகச் செய்கிறேன். உறவில்லை என்றாலும் சுண்டு என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். சுண்டுவின் அம்மாவுக்குத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துபோகும் நோய். முன்பு ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்துகொண்டிருந்தார். ஊரே அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஓடி ரயில் பிடித்தது. இப்போது ஒரு வாக்கியம் முடிக்க இரண்டு மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டும். ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. மகள் எழுந்திருக்க நேரமானால், "பயணிகளின்... கனிவான கவனத்திற்கு... சுண்டு எக்ஸ்பிரஸ்... இன்னும் படுக்கையிலிருந்தே... கிளம்பல" என்பார்.

உட்கார்ந்திருக்கும்போது அவரால் சொந்தமாக மூச்சுவிட முடியும். படுத்தால் முடியாது. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் காற்றை உள்ளே தள்ளும் மிஷின். முகமூடி நழுவினாலும் குழாய் கழன்றாலும் அலாரம் அடிக்கும். கழன்றதை எடுத்து மாட்டிக்கொள்ள அவர் கைகளுக்குத் தெம்பில்லை. யாராவது வந்தாக வேண்டும். பகலில் நான் வருவேன். பொழுது சாய்ந்தால் சுண்டு.

பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே அவளுக்கு இதுதான் வாழ்க்கை. அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார், அவரைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. அலாரம் கேட்டு, தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்திருக்கிறாள். சோற்றுக் கையோடு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வெளியிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. வங்கியில் டோக்கன் மிஷின் 'பீப்' என்றால், தன் எண் வராமலே எழுந்து நின்றுவிடுவாள். பக்கத்து வீட்டு மைக்ரோவேவுக்குக்கூட அவள் தலை திரும்பும். இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. நானும்தான். நோயாளி இருக்கும் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்தால் என்னைப் போன்றவளுக்கு நிம்மதி.

அவள் வேலை செய்யும் விமானக் கம்பெனி ஓர் அறிவிப்பு செய்தது. தரையில் வேலை செய்கிறவர்களிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்து, கம்பெனியே பைலட் பயிற்சிக்கு அனுப்பும். அதற்கு முன்னால் ஒரு ஆப்டிட்யூட் டெஸ்ட். படித்து மனப்பாடம் செய்து எழுதுகிற பரீட்சை இல்லை. கையும் காலும் கண்ணும் காதும் ஒரே நேரத்தில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பார்கள். ஒருவர் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். தோற்றால் அந்தக் கதவு அதோடு மூடியது.

"நீ எதுக்கு அப்ளிகேஷன் போட்ட?" என்று கேட்டேன்.

"வண்டிய விமானத்துக்கு அடியில நிறுத்திட்டு மேல பாப்பேன் பெரியம்மா. பைலட்டுங்களும் கண்ணாடி வழியா கீழ பாப்பாங்க. என்னைப் பாக்க மாட்டாங்க, பெட்டி ஏறிடுச்சான்னு பாப்பாங்க. அங்கேருந்து பாத்தா நான் எப்படித் தெரிவேன்னு ரொம்ப நாளா ஒரு இது."

"தெரிய மாட்ட," என்றார் அம்மா உள்ளேயிருந்து. "சீட்டுதான்... தெரியும்."

பயிற்சி செய்து பார்க்க ஒரு கைப்பிடியும் இரண்டு மிதிகளும் கொண்டுவந்து கொடுத்தான் 'கயிறு'. அவளோடு பெட்டி ஏற்றுகிறவன், ஒல்லியாக நீளமாக இருப்பான். அவன் தம்பி கம்ப்யூட்டரில் விளையாடிவிட்டு மூலையில் போட்டிருந்த சாமான்கள் அவை. சுண்டு கூடத்து மேசையில் கம்ப்யூட்டரை வைத்து, மிதிகளைக் கீழே வைத்து, கால் எட்டுவதற்கு முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்தாள்.

திரையில் ஒரு வட்டம். அதற்குள் ஒரு கூட்டல் குறி. கைப்பிடியை அசைத்து அந்தக் குறி வட்டத்தைவிட்டு வெளியே போகாமல் வைத்திருக்க வேண்டும். கீழே ஒரு கோடு இருக்கும், அதைக் காலால் மிதித்து நடுவில் நிறுத்த வேண்டும். காதில் எண்கள் ஓடும். இதற்கு நடுவே ஒரு 'பீப்' வரும். வந்ததும் இடது கையால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். எது வந்தாலும் கூட்டல் குறி வட்டத்தைவிட்டுப் போகக் கூடாது. விமானத்தைப் பறக்க வைப்பது முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம். அந்தப் பரீட்சையின் சாரமே அதுதான் என்று கயிறு சொன்னான்.

சுண்டு எண்களில் தவறவில்லை. கால் நன்றாக வந்தது. டிராக்டர் ஓட்டிய கைக்குக் கூட்டல் குறி நாய்க்குட்டி மாதிரி அடங்கியது. 'பீப்' வந்தது. கை கைப்பிடியை விட்டது, உடம்பு அம்மாவின் அறைப் பக்கம் திரும்பியது, பாதி எழுந்தும்விட்டாள். கூட்டல் குறி திரையின் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

மறுபடி செய்தாள். மறுபடி அதே. எத்தனை முறை செய்தாலும் அதே.

"பீப் கேட்டா நீ ஓடுற," என்றான் கயிறு. "வீட்டுல சரி. விமானத்துல எங்க ஓடுவ? றெக்கை மேலயா?"

அவள் சிரிக்கவில்லை. உள்ளங்கை வேர்த்திருந்தது. நான் சும்மா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், நாடி தடதடவென்று ஓடியது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு வரவேண்டிய நாடி இல்லை அது.

"என்ன பண்றது பெரியம்மா?"

"எனக்குத் தெரியாது," என்றேன். உண்மையிலேயே தெரியாது. அலாரம் அடித்தால் ஓடச் சொல்லித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஓடாமல் இருக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அதன்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சை நெருங்க நெருங்க மோசமானது. டெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டாலே வாந்தி எடுத்தாள். தூக்கத்தில் இல்லாத அலாரம் கேட்டு எழுந்து, அம்மாவின் முகமூடியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள். "என்னையும் எழுப்பி விடறா," என்று அம்மா காலையில் என்னிடம் புகார் சொன்னார். "நல்லா மூச்சு விட்டுட்டு இருக்கறவள... எழுப்பி... மூச்சு விடறியான்னு கேக்கறா."

வேலைக்குப் போகாத ஒரு நாள், மத்தியானம் அம்மாவைப் படுக்க வைத்து முகமூடி மாட்டினேன். சுண்டு கூடத்தில் பயிற்சிக்கு உட்கார்ந்தாள். வழக்கமாக ஹெட்போனில் ஒரு காதைத் திறந்துதான் வைப்பாள். நான் வீட்டில் இருக்கிறேன் என்ற தைரியத்தில் அன்று இரண்டு காதையும் மூடியிருந்தாள். நான் துவைத்த விரிப்புகளைக் காயப்போடப் பின்பக்கம் போனேன். பக்கத்துக் கட்டடத்தில் தரை உடைத்துக்கொண்டிருந்தார்கள், காது அடைக்கிற சத்தம். அந்தச் சத்தம் ஒரு நொடி நின்றபோதுதான் எனக்கு அலாரம் கேட்டது.

உள்ளே ஓடினேன். கூடத்தைத் தாண்டும்போது பார்த்தேன். சுண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திரையில், வலது கை கைப்பிடியில். திரும்பவில்லை.

குழாய் முகமூடியிலிருந்து கழன்று தலையணையில் கிடந்தது. காற்று விரிப்பின் மேல் வீசிக்கொண்டிருந்தது. அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் குழாயை மாட்டினேன், முகமூடியை அழுத்திப் பிடித்தேன், தலைப்பக்கம் உயர்த்தினேன். நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. உதட்டுக்கு நிறம் திரும்பும்வரை நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

திரும்பியபோது சுண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"கேட்டுச்சு பெரியம்மா," என்றாள். "எனக்குக் கேட்டுச்சு. டெஸ்ட்டு பீப்புன்னு நெனச்சு... கையை விடக்கூடாது, விடக்கூடாதுன்னு புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்."

கூடத்துத் திரையில் மதிப்பெண் வந்திருந்தது. அதுவரை அவள் எடுத்ததிலேயே அதுதான் அதிகம்.

அன்று சாயங்காலமே மிதிகளையும் கைப்பிடியையும் துணியில் சுற்றிக் கட்டி, கயிறிடம் திருப்பிக் கொடுக்க வாசலில் வைத்துவிட்டாள். "நான் போகல," என்றாள். "அம்மாவ இப்படி வெச்சுட்டு நான் எங்க போறது? அந்த டெஸ்ட்டுல ஜெயிக்கணும்னா அலாரம் கேட்டாலும் அசையாதவளா ஆகணும். ஆனேன். என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல?"

அவள் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். அவர் பேச நேரம் எடுத்துக்கொண்டார்.

"உனக்குப் பயமா இருக்கா?"

"ஆமா."

"அப்ப பயமா இருக்கு... போகலன்னு சொல்லு. ஒத்துக்கறேன். அம்மாவுக்காகன்னு... சொல்லாத. நோயாளியா இருக்கேன்... போதும். சாக்காவும்... இருக்கச் சொல்லாத."

"நீங்க செத்திருப்பீங்கம்மா."

"சாகலையே. உக்காந்து... உன்னைத் திட்டிட்டு இருக்கேனே."

சுண்டு எழுந்து முகம் கழுவப் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதும் அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டார். குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, உங்ககிட்ட சொல்றேன். அவ ஃபெயில் ஆகணும்னு... வேண்டிக்கறேன். தெனமும். அவ இல்லாம ராத்திரி... எனக்கு நெனச்சாலே நெஞ்சு அடைக்குது. போன்னு சொல்ற வாயும்... இதே வாய்தான். என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேணாம்," என்றேன். "வாயை மூடிக்கங்க, வர்றா."

'சாக்கு' என்ற அந்தச் சொல் தைத்ததோ என்னவோ, சுண்டு டெஸ்ட் எழுதப் போனாள். பரீட்சை வேறு ஊரில். முந்தின நாளே பஸ் ஏற வேண்டும். அன்று நான் அந்த வீட்டிலேயே தங்கினேன். கிளம்புமுன் மிஷினின் குழாய் இணைப்பை அவள் எத்தனை முறை திருகிப் பார்த்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து மறுபடி திருகினாள். "உடைச்சுட்டுப் போயிடாத," என்று நான் கையைப் பிடித்து வெளியே தள்ள வேண்டியிருந்தது.

பரீட்சை நேரத்தில் அம்மா கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். மத்தியானம் படுக்க மாட்டேன் என்றார். சோர்ந்து தலை தொங்கியது, ஆனாலும் படுக்கவில்லை. "நான் படுத்து... இது அலறி... அங்க அவளுக்குக் கேட்டுட்டா?" என்றார். வேறு ஊரில் இருக்கிறாள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சும்மா பின்னால் ஒரு தலையணை வைத்தேன். அவள் தோற்றால் இந்த வீட்டில் ஒரு வருத்தம், ஜெயித்தால் இந்த வீட்டில் ஒரு ஆபத்து. எதற்காக நான் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அங்கே நடந்ததை அவள் திரும்பி வந்துதான் சொன்னாள். கட்டடத்து வாசலிலேயே வாந்தி எடுத்தாளாம். உள்ளே வரிசையாகத் திரைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்காலி. பக்கத்தில் உட்கார்ந்தவர் சரக்குக் கிடங்குக் கணக்கர். இஸ்திரி போட்ட சட்டை, ஆனால் முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. "உங்களுக்கும் பயமா?" என்று கேட்டாராம். இவள் வாயைத் திறந்தால் மறுபடி வாந்தி வரும் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கூட்டல் குறி வந்தது. எண்கள் வந்தன. முதல் பீப் வந்ததும் கை விட்டது. உடம்பு கதவுப் பக்கம் திரும்பியது. கதவருகே ஒரு காவலாளி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும்தான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்ததாம். திரும்பிப் பார்த்தால் குறி ஓரத்தில். இழுத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது பீப் வந்தபோது வாய்விட்டுச் சொன்னாள்: "அம்மா இங்க இல்ல."

கணக்கர் திரும்பிப் பார்த்தார். மேற்பார்வையாளர் வந்து, "பேசக் கூடாதும்மா" என்றார். அப்புறம் ஒவ்வொரு பீப்புக்கும் உதட்டை மட்டும் அசைத்தாள். அம்மா இங்க இல்ல. பொத்தானை அழுத்தினாள். அம்மா இங்க இல்ல. அழுத்தினாள். குறி நடுங்கியது, ஆனால் வட்டத்தைவிட்டுப் போகவில்லை.

"சொல்லச் சொல்ல என்னமோ மாதிரி இருந்துச்சு பெரியம்மா," என்றாள். "நிஜமாவே இல்லாம போயிட்ட மாதிரி."

வெளியே வந்ததும் அவள் செய்த முதல் வேலை எனக்குப் போன் செய்தது. எப்படி எழுதினாய் என்று நான் கேட்க இடமே கொடுக்கவில்லை. "அம்மாகிட்ட குடுங்க. பேச வேணாம், மூச்சு விடச் சொல்லுங்க," என்றாள். நான் போனை அம்மாவின் வாயருகே பிடித்தேன். அந்தப் பக்கம் அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

பிறகு ஒருநாள் முடிவு வந்தது. அவள் வண்டியோட்டிக்கொண்டிருந்தபோது கயிறுதான் ஓடிவந்து சொன்னானாம். பீப் வரும் அந்த ஒரு பகுதியில் மதிப்பெண் தேர்ச்சிக் கோட்டை உரசிக்கொண்டுதான் நின்றது, மற்றதில் நன்றாக இருந்தது. தேர்வாகிவிட்டாள். கணக்கர் தேர்வாகவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அம்மா, "அப்படியா," என்றார். அப்புறம், "நல்லது," என்றார். அப்புறம் பொழுது இருக்கும்போதே படுக்க வேண்டும், முகமூடி மாட்டுங்கள் என்றார்.

சுண்டு பயிற்சிக்குப் போய்விட்டால் இரவுக்கு ஆள் வேண்டும். இரவில் எழுந்து ஓட என் முழங்காலால் இனி ஆகாது, அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த இடங்களில் சொல்லி வைத்தேன். வந்தவர்களிடம் கேள்வி கேட்டு என்ன பயன்? எல்லோரும் எல்லாம் தெரியும் என்பார்கள். அதனால் நாங்களும் ஒரு டெஸ்ட் வைத்தோம். அம்மா படுத்துக்கொள்வார். நான் குழாயைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன். வந்தவள் கூடத்திலிருந்து வந்து என்ன செய்கிறாள் என்று பார்ப்பது. யோசனை என்னுடையது, சம்மதம் அம்மாவுடையது. சுண்டுவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"நான்தான் கொஸ்டின் பேப்பர்," என்றார் அம்மா. "பேப்பர் கிழியறதுக்குள்ள... முடிச்சிடுங்க."

முதலில் வந்தவள் அலாரம் கேட்டதும் மிஷினிடம் போய், சத்தத்தை நிறுத்தும் பொத்தானைத் தேடி அழுத்தினாள். சத்தம் நின்றதும் அவளுக்கு நிம்மதி. ஆனால் அதற்குள் சுண்டு பாய்ந்து வந்து அவளை இடித்துத் தள்ளிவிட்டுக் குழாயை மாட்டியிருந்தாள். அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டுச் சுண்டுவையும் திட்டினேன்.

"நீ பாஞ்சா அவ லட்சணம் எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த தடவை அந்த நாற்காலியில உக்காரு. எழுந்திருக்கக் கூடாது. எது செய்யறதா இருந்தாலும் நான் செய்வேன்."

"முடியாது பெரியம்மா."

"அப்ப ராத்திரிக்கு ஆள் இல்ல. நீயும் போக வேணாம்."

இரண்டாவதாக வந்தவள் ஒரு மருத்துவமனை வார்டில் உதவியாளராக இருந்தவள். பருத்த உடம்பு, மெதுவான நடை. பார்த்ததும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவளைக் கூடத்தில் உட்காரச் சொன்னோம். சுண்டு கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். குழாயைக் கழற்றினேன்.

அலாரம் அடித்தது.

சுண்டு இரண்டு கையாலும் நாற்காலியின் பலகையைப் பிடித்துக்கொண்டாள். விரல் கணுக்கள் வெளுத்தன. உடம்பு முழுக்கக் கட்டில் பக்கம் சாய்ந்திருந்தது, கால் இரண்டும் தரையை பிரேக் மாதிரி மிதித்துக்கொண்டிருந்தன. வாய் எதையோ சொல்லப் பார்த்து மூடிக்கொண்டது. இங்கே அவளால் அதைச் சொல்ல முடியாது. அம்மா எதிரிலேயே இருக்கிறார்.

வார்டுக்காரி வந்தாள். நடை அதேதான், கொஞ்சமும் வேகம் கூடவில்லை. அலாரம் அலறிக்கொண்டிருக்க, அவள் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள். தாடையின் கீழ் கையைக் கொடுத்தாள். மற்றொரு கையை முகமூடியிலிருந்து கீழே ஓட்டி, கழன்ற இடத்தைக் கண்டு மாட்டினாள். நெஞ்சு ஏறுகிறதா என்று பார்த்தாள். ஏறிய பிறகுதான் மிஷின் பக்கம் திரும்பினாள்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எனக்கு ஒரு யுகம். சுண்டுவுக்கு எவ்வளவு என்று தெரியாது. அவள் எழுந்திருக்கவில்லை.

அம்மா அவ்வளவு நேரமும் வார்டுக்காரியைப் பார்க்கவே இல்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு சீரானதும் முகமூடியைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். தலையை உயர்த்திக் கழற்றினேன்.

"இந்தம்மா... பரவாயில்ல," என்றார். "சம்பளம் பேசிக்கங்க. அதுக்கு முன்னால... அந்தப் புள்ளைக்கு... தண்ணி குடுங்க."

வார்டுக்காரி தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சுண்டுவின் கை இன்னும் பலகையை விடவில்லை. வார்டுக்காரியே தம்ளரை அவள் வாயில் வைத்துப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.